எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்: நடு நியூ ஜெர்சியில் பனிப்புயல் முன்னறிவிப்பைப் படிக்கும் விதம்

நடு நியூ ஜெர்சியில் பனிப்பொழிவு முன்னறிவிப்பு ஏன் இவ்வளவு அடிக்கடி பிசகுகிறது என்பதற்கான காரணத்தில் பாதியை மாநிலத்தின் நிலப்படத்திலேயே காணலாம். வடமேற்கில் சசெக்ஸ் கவுண்டியின் மலைகள் இருக்கின்றன. அங்குள்ள ஹை பாயிண்ட் 1,803 அடி உயரமுடையது. தென்கிழக்கில் அட்லாண்டிக் கடலோரச் சமவெளி விரிந்து கிடக்கிறது. மேட்டு நிலமும் சமவெளியும் சந்திக்கும் விளிம்பு டிரெண்டனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வழியாக வடகிழக்கு நோக்கிச் செல்கிறது. ரூட் 1 நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் ஓடுகிறது. எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்போரோ என்று தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் பலவும் இந்தத் தடத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. குளிர்காலப் புயல் ஒன்று வரும்போது இதற்கு வடமேற்கே பனியும் தென்கிழக்கே மழையும் பெய்ய, இடையில் இருக்கும் நமக்கு எது கிடைக்கும் என்பது மட்டும் கடைசி மணி நேரம் வரை முடிவாகாமல் இருப்பதைப் பல குளிர்காலங்களாகப் பார்த்து வருகிறேன்.

நான் வானிலை படித்தவன் அல்ல. கணினித் துறையில் வேலை செய்பவன். சென்னையில் இருந்தவரை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலின் தாழ்வு மண்டலங்களைத் தொடர்ந்த பழக்கம், இங்கு வந்த பிறகு பனிப்புயல்களின் மேல் திரும்பியது. பிறகு, 'கோகோராஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தன்னார்வ மழை அளப்போர் குழுவில் சேர்ந்து, என் வீட்டுத் தோட்டத்தில் விழும் மழையையும் பனியையும் காலை 7 மணியளவில் அளந்து பதிவு செய்யத் தொடங்கினேன். 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்துக்குப் பிறகு, ஊருக்கு ஊர் அல்ல, தெருவுக்குத் தெரு மழை எவ்வளவு மாறுபடுகிறது என்பதை அறிவதற்காக 1998இல் அங்கே தொடங்கப்பட்ட முயற்சி அது. முன்னறிவித்த எண்ணையும் தரையில் கிடந்த எண்ணையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதிப் பார்ப்பவருக்கு முன்னறிவிப்பின் எந்தப் பகுதியை நம்பலாம், எந்தப் பகுதியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும் என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். தள்ளி வைக்க வேண்டிய பகுதி, கைப்பேசிச் செயலி காட்டும் அந்த ஒற்றை அங்குலக் கணக்கு என்பதே என் முடிவு.

இந்தப் பகுதியில் பெரும் பனியைக் கொண்டு வருவது பெரும்பாலும் நார்ஈஸ்டர் எனப்படும் கடலோரப் புயல். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்தோ வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனை அருகிலிருந்தோ புறப்படும் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று, வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்துக்கும் உறைந்த நிலப்பரப்புக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டில் வலுவடைந்து, கரையை ஒட்டி வடகிழக்காக நகர்கிறது. தாழ்வின் மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், மையம் நமக்குத் தெற்கே இருக்கும்போது நமக்குக் கிடைப்பது வடகிழக்குக் காற்று; புயலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மையம் கரையை விட்டு அதிகம் விலகிச் சென்றால் ஈரம் நம்மை எட்டாது. கரையை நெருங்கி வந்தால் கடலின் வெப்பமும் கூடவே உள்ளே வந்துவிடும், பனி மழையாகிவிடும். இரண்டுக்கும் இடையிலான பாதை குறுகலானது. இதில் மாதமும் ஒரு கணக்கு. டிசம்பர் தொடக்கத்தில் நியூ ஜெர்சிக் கரையோரக் கடல்நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். பிப்ரவரியில் 40ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆகவே ஒரே தடத்தில் வரும் புயல் டிசம்பரில் மழையாகவும் பிப்ரவரியில் ஓரடிப் பனியாகவும் முடியக்கூடும். கியூபெக் பக்கத்தில் ஓர் உயர் அழுத்த மண்டலம் நிலைகொண்டு குளிர்காற்றைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்கிறதா என்பதை நான் புயலின் தடத்துக்கு முன்பாகவே பார்ப்பேன். அது இல்லாமல் டிசம்பரில் வரும் புயலுக்காக யாரும் பனிவாரும் மண்வெட்டி வாங்க ஓட வேண்டியதில்லை.

புதிதாக வருபவர்கள் தரைமட்ட வெப்பநிலையை மட்டும் பார்த்து, 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி, மேலே இருந்தால் மழை என்று முடிவு செய்கிறார்கள். தரையைவிட ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. மேகத்தில் பனியாகப் பிறப்பது, கடலிலிருந்து அந்த உயரத்தில் நுழைந்த வெதுவெதுப்பான அடுக்கு ஒன்றைக் கடக்கும்போது உருகுகிறது. அதற்குக் கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் மீண்டும் உறைந்து மணிமணியான பனிக்கட்டித் துகளாக, இங்குள்ளவர்கள் ஸ்லீட் என்று சொல்வதாக, கண்ணாடிச் சன்னலில் தட்டும் ஓசையோடு விழுகிறது. குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் நீராகவே வந்து, தரையையும் மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்ட கணத்தில் உறைகிறது. இந்த உறைமழைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அளவில் கால் அங்குலம் என்று எழுதியிருக்கும். செயலியில் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஓரடிப் பனியில் மெதுவாகவேனும் காரை ஓட்டிவிடலாம், கால் அங்குல உறைமழையில் வீட்டு வாசற்படியைக்கூடக் கவனமாகத்தான் இறங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. வெப்பநிலை 38 டிகிரி, இன்னும் சில மணி நேரத்தில் பனி என்கிறார்கள், நம்ப முடியவில்லை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். அப்போது பார்க்க வேண்டியது பனிநிலை வெப்பம், அதாவது எல்லா வானிலைப் பக்கங்களிலும் வெப்பநிலைக்கு அருகிலேயே போட்டிருக்கும் 'டியூ பாயிண்ட்'. அது 15 டிகிரி என்றிருந்தால் காற்று மிகவும் வறண்டிருக்கிறது என்று பொருள். முதலில் விழும் துளிகள் அந்த வறண்ட காற்றில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், 38 டிகிரி காற்று 30ஐ ஒட்டிக் குளிர்ந்துவிடும். பனிநிலை வெப்பமும் 35, 36 என்று இருந்தால் அந்த இறக்கத்துக்கு இடமே இல்லை. ரேடாரில் தலைக்கு மேல் மேகம் பொழிவது தெரிந்தும் தரையில் ஒன்றும் விழாத அந்த இடைவேளையில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொழுது.

முன்னறிவிப்பு எந்த அளவுக்குப் பிசகக்கூடும் என்பதை இந்த வட்டாரத்துக்குக் கற்பித்தது 2015 ஜனவரி 26, 27 தேதிகளின் புயல். நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பனியை எதிர்பார்த்து நகரின் சுரங்க ரயில் முழுவதும் நிறுத்தப்பட்டது, அதன் வரலாற்றில் முதல் முறையாக. நியூ ஜெர்சியிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்துபோயின. மறுநாள் காலையில் சென்ட்ரல் பார்க்கில் அளந்தது 9.8 அங்குலம், எங்கள் பகுதியில் அதிலும் குறைவு. ஆனால் லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் 2 அடியும், பாஸ்டனில் 24.6 அங்குலமும், மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலமும் கொட்டித் தீர்த்தன. அறிவித்த புயல் அறிவித்தபடியே வந்திருந்தது, சில பத்து மைல்கள் கிழக்கே தள்ளி வந்திருந்தது, அவ்வளவுதான். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையத்தின் கணினி மாதிரி கனமான பட்டையை மேற்கே வைத்திருந்தது, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி அதைக் கிழக்கே காட்டியது. கணிப்பாளர்கள், வழக்கமாக நல்ல மதிப்பெண் பெறும் ஐரோப்பிய மாதிரியின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் தலைவராக அப்போது இருந்த கேரி சட்கோவ்ஸ்கி அன்றிரவே ட்விட்டரில் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். புயலின் விளிம்பு எங்கே விழும் என்பதில் உள்ள ஐயத்தை மக்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்பதை தேசிய வானிலைச் சேவையும் ஒப்புக்கொண்டது.

சட்கோவ்ஸ்கி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அந்த இரவின் ஐயம் அவர்களின் உள்விவாதக் குறிப்பில் எழுதப்பட்டே இருந்தது. மக்களைச் சென்றடைந்தது எண் மட்டும்தான். 2017 மார்ச் 14 புயலில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. கடலோர நகரங்களில் ஸ்லீட் கலந்து பனியின் அளவு குறையக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் முன்தினமே தெரிந்திருந்தும், அறிவிப்பைத் திடீரென்று குறைத்தால் மக்கள் புயலையே அலட்சியப்படுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, பெரிய எண்ணையே வைத்திருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலம் விழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் உள்நாட்டு நகரமான பிங்காம்டனில் 30 அங்குலத்துக்கு மேல். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டிருந்தாலும் அது தவறான முடிவு. மழை–பனிக் கோடு எந்தப் பக்கம் விழும் என்று தெரியவில்லை என்ற செய்தியை நம்மால் தாங்கிக்கொள்ள முடியாது என்று கருதுவது, படிப்பவரைக் குழந்தையாக நடத்துவதாகும்.

ஆனால் சாலையில் நான் கற்ற பாடம் சிறிய புயல் ஒன்றில்தான் கிடைத்தது. 2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. ஓரிரு அங்குலம் பனி பெய்து மாலையில் மழையாக மாறும் என்றுதான் பொதுவாகச் சொல்லப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை; மதிய உணவுக்குப் பிறகு பனி தொடங்கியபோது சன்னலருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குள் தெருக்கள் மூடிவிட்டன. பனி மணிக்கு ஓர் அங்குல வேகத்தில் கொட்டினால் சாலையில் தெளித்த உப்பு ஈடுகொடுக்க முடியாது. பனியை வழித்துத் தள்ளும் லாரிகளும் நெரிசலில் சிக்கிய கார்களுக்குப் பின்னால் நின்றுவிடும். இலை முழுதும் உதிராத மரங்கள் ஈரப்பனியின் பாரத்தில் முறிந்து விழுந்தன. வழக்கமாக அரை மணி நேரத்தில் வீடு சேரும் நான் நள்ளிரவைத் தாண்டிச் சேர்ந்தேன். மாநிலத்தில் சில பள்ளிகளில் பிள்ளைகள் இரவு முழுவதும் தங்க நேர்ந்தது. சென்ட்ரல் பார்க்கில் அன்று பதிவானது 6.4 அங்குலம். நியூ ஜெர்சிக்கு அது பெரிய அளவே அல்ல. இதே 6 அங்குலம் சனிக்கிழமை இரவு பெய்திருந்தால் ஞாயிறு காலையில் பிள்ளைகள் பனிமனிதன் செய்திருப்பார்கள், நாங்கள் எல்லாரும் மறந்திருப்போம்.

அன்றிலிருந்து எவ்வளவு என்பதற்கு முன்பாக எந்த மணியில் தொடங்குகிறது, எந்த மணி நேரங்களில் மிகக் கனமாகப் பெய்யும் என்பதைத்தான் தேடுகிறேன். வேலை நாளில் பகல் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் கனமான பட்டை வருவதாக இருந்தால், அளவு 3 அங்குலம்தான் என்று சொன்னாலும் நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், அல்லது பனி தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். முதல் துகள் விழுந்த பிறகு கிளம்பலாம் என்பது ஊரே சேர்ந்து எடுக்கும் முடிவு. அதனால்தான் அந்த நேரத்தில் சாலை நிரம்பி வழிகிறது. காரில் முழு எரிபொருள், தண்ணீர், கம்பளி, கைப்பேசி மின்னேற்றி ஆகியவை நவம்பரிலிருந்தே இருக்கின்றன. பிள்ளைகள் உள்ள வீட்டார், பள்ளியிலிருந்து அவர்களை அழைத்துவர நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பள்ளியின் அவசரத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவைப்பது நல்லது.

ஒரு புயலை நான் தொடரும் முறையைச் சொல்கிறேன். பத்து நாள்களுக்கு முன்பே சமூக ஊடகத்தில் 24 அங்குலம் என்று ஊதா நிறத்தில் ஒரு வரைபடம் சுற்றத் தொடங்கும். அது பெரும்பாலும் கணினி மாதிரியின் ஒரேயொரு ஓட்டம், ஜி.எஃப்.எஸ். ஒரு நாளைக்கு 4 முறை ஓடுகிறது, அடுத்த ஓட்டத்தில் அந்தப் புயல் கடலுக்குள் போயிருக்கும், வரைபடத்தைப் பகிர்ந்தவர் அதைப் பகிரமாட்டார். ஏழு நாள்களுக்கு அப்பால் நான் பார்ப்பது தொகுப்புக் கணிப்புகளை மட்டுமே. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாதிரியை 51 விதமாக ஓட்டுகிறது, அமெரிக்கத் தொகுப்பில் 31 உண்டு. ஐம்பத்தொன்றில் ஏழெட்டு மட்டும் புயலைக் காட்டினால் ஆர்வத்தோடு கவனிப்பேன், யாரிடமும் சொல்லமாட்டேன். முப்பது காட்டினால் வார இறுதித் திட்டங்களை மனத்துக்குள் மாற்றி வைப்பேன். 2025 பிப்ரவரியிலிருந்து அதே மையம் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றையும் நடைமுறையில் இயக்குகிறது. தடத்தை அது நன்றாகவே பிடிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மழையா ஸ்லீட்டா என்ற நம் ஊர்க் கேள்விக்கு அதை நம்பும் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

மூன்று நாள்களுக்குள் வந்ததும், தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்ற பெயரில் வெளியாகும் கணிப்பாளர் குறிப்பைத்தான் முதலில் திறக்கிறேன். படமோ நிறமோ இல்லாத, வெறும் எழுத்தாலான பக்கம் அது. மாதிரிகள் எதில் ஒத்துப்போகின்றன, எதில் முரண்படுகின்றன, தங்களுக்கு எதில் நம்பிக்கை குறைவு என்பதைப் பணியிலிருக்கும் கணிப்பாளர் அதில் வெளிப்படையாக எழுதுகிறார். மிடில்செக்ஸ், மெர்சர் கவுண்டிகளில் இருப்பவர்கள் மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் குறிப்பையும், எசெக்ஸ், யூனியன், ஹட்சன் கவுண்டிகளில் இருப்பவர்கள் நியூயார்க்கின் அப்டன் அலுவலகத்தின் குறிப்பையும் பார்க்க வேண்டும். எடிசனில் இருப்பவர் இரண்டையும் படிப்பது நல்லது, கவுண்டி எல்லையில் மேகம் நிற்பதில்லை. அதே தளத்தில் பனியளவை மூன்று வரைபடங்களாகத் தருகிறார்கள்: எதிர்பார்க்கும் அளவு, பத்தில் ஒரு வாய்ப்புள்ள குறைந்தபட்ச அளவு, பத்தில் ஒரு வாய்ப்புள்ள அதிகபட்ச அளவு. எதிர்பார்ப்பது 6 அங்குலம் என்று இரண்டு நாள்களிலும் போட்டிருக்கலாம். ஒரு நாள் குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 8 என்றும், மற்றொரு நாள் குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 13 என்றும் இருந்தால் அவை இரண்டும் வெவ்வேறு முன்னறிவிப்புகள். இரண்டாவது வகை நாளில் மழை–பனிக் கோடு நம் வீட்டுக் கூரைக்கு மேலேயே ஊசலாடுகிறது என்று பொருள். இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் அதிகபட்சத்துக்கு ஆயத்தமாக வேண்டும். பிறந்தநாள் விருந்து வைத்திருப்பவர் நடுவிலுள்ள எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தில் உலக மாதிரிகளை மூடிவிட்டு, 3 கிலோமீட்டர் கட்டங்களில் மணிக்கொரு முறை ஓடும் எச்.ஆர்.ஆர்.ஆர். மாதிரியையும் ரேடாரையும் வைத்துக்கொள்கிறேன். தெற்கே டெலவேரிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஸ்லீட் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்தால், நமக்கும் அது முன்னறிவித்த நேரத்தைவிடச் சற்று முன்னதாகவே வந்துசேரும் என்று எடுத்துக்கொள்வேன். மேலடுக்கின் வெதுவெதுப்பு மாதிரிகள் நினைப்பதைவிட வேகமாக உள்ளே நுழைவதுதான் இங்கு வழக்கம்.

இந்த முறை எல்லாம் கடலோரப் புயலுக்கு மட்டுமே பொருந்தும். பஃபலோவில் இருக்கும் நண்பர்கள் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஏரி நீரின் வெப்பத்தால் அங்கே உருவாகும் பனிப்பட்டை சில மைல் அகலமே உடையது. 2022 நவம்பரில் நகருக்குத் தெற்கேயுள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம் குவிந்தபோது, வடக்கே சிறிது தூரத்தில் இருந்தவர்கள் சில அங்குலங்களோடு தப்பினார்கள்.

அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முன்னறிவிப்பு பொய்த்தது என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் அளப்பதில்லை. புல்மேல் விழுந்த பனியில் அடிக்கோலைச் செருகினால் புல்லின் உயரமும் கணக்கில் சேரும். கார் கூரையில் அளந்தால் காற்று அடித்துச் சென்றது போக மிச்சமே கிடைக்கும். வெள்ளை வண்ணம் பூசிய ஒட்டுப்பலகை ஒன்றை வீட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, தரையில் வைத்து, அதன்மேல் நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுப்பேன். பிறகு உருளைக் கலத்தில் விழுந்த பனியை உருக்கி எவ்வளவு நீர் என்று பார்ப்பேன். ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது பாடப்புத்தகக் கணக்கு. 33 டிகிரியில் விழும் ஈரப்பனி ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் நிற்காது. 20 டிகிரியில் விழும் பஞ்சுப் பனி பதினைந்து அங்குலம் நிற்கும். சமூக ஊடக வரைபடங்களில் பல இந்தப் பத்துக்கு ஒன்று கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டவை. சில, ஸ்லீட்டையும் பனியாகவே எண்ணிவிடுகின்றன. நீரின் அளவை முன்னறிவிப்பவர்கள் சரியாகவே சொல்லியிருந்தும், பனியின் உயரம் பாதியாகிவிட்ட புயல்கள் என் பதிவேட்டில் நிறைய உண்டு. முதுகுவலி உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது: ஐந்து அங்குல ஈரப்பனியும் பதினைந்து அங்குலப் பஞ்சுப் பனியும் வாரித் தள்ளும்போது ஏறக்குறைய ஒரே எடைதான்.

இனி, மாறிவரும் குளிர்காலங்களைப் பற்றி. சென்ட்ரல் பார்க்கில் 1869 முதல் பனியளவுப் பதிவு இருக்கிறது. 1991 முதல் 2020 வரையிலான சராசரி ஒரு பருவத்துக்கு 29.8 அங்குலம். 1995–96 பருவத்தில் 75.6 அங்குலம் விழுந்தது, 2022–23இல் 2.3 அங்குலம், பதிவு தொடங்கிய நாளிலிருந்து மிகக் குறைவானது. 2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜனவரி வரை தொடர்ந்து 701 நாள்கள், எந்த ஒரு நாளிலும் ஓர் அங்குலம்கூட விழவில்லை. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் வந்து குடியேறியவர்கள், பழையவர்கள் சொல்வதெல்லாம் மிகை என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்குச் சற்று முன்னால், 2021 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரே புயலில் 17.4 அங்குலமும், 2016 ஜனவரியில் 27.5 அங்குலமும் அதே பூங்காவில் விழுந்திருக்கின்றன. 2016இல் விழுந்ததே அங்கு ஒரு புயலில் பதிவான மிகப் பெரிய அளவு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே குளிர் போதுமான அளவு இருக்கும் அந்தச் சில நாள்களில் கொட்டுவதற்கு ஈரம் முன்பைவிட அதிகமாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாள்கள்தான் குறைகின்றன. தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் குளிர்தாங்கு மண்டல வரைபடம் 2023இல் திருத்தப்பட்டபோது, நாட்டின் ஏறக்குறைய பாதிப் பகுதி அரை மண்டலம் வெப்பமான பக்கத்துக்கு நகர்ந்தது.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை இதன் விளைவாக நான் காண்பது இதுதான். இருபத்தைந்து டிகிரியில் பெய்யும் புயலில் ஒரு டிகிரி பிழை இருந்தாலும் பனி பனியாகவே விழும். முப்பத்திரண்டை ஒட்டிப் பெய்யும் புயலில் அதே ஒரு டிகிரி எல்லாவற்றையும் மாற்றிவிடும். குளிர்காலங்கள் சூடாகச் சூடாக, எங்கள் ஊரின் புயல்களில் கூடுதலானவை அந்த 32 டிகிரி விளிம்புக்கே வந்து நிற்கின்றன. மாதிரிகள் ஆண்டுதோறும் மேம்படுகின்றன, ஆனால் நாங்கள் அவற்றிடம் கேட்கும் கேள்வியும் கடினமாகிக்கொண்டே போகிறது.

குளிர் முற்றிலும் போய்விட்டது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பர் 23 காலையில் இங்கு 50 டிகிரிக்கு மேல் மழை பெய்தது. குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர்முனை கடந்த சில மணி நேரத்தில் சாலையிலிருந்த ஈரம் உறைந்து, இரவில் வெப்பநிலை 10ஐ ஒட்டி இறங்கியது. பனி ஏதும் இல்லாததால் பலர் அந்த நாளைப் புயலாகவே கருதவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் அந்த வாரம் குழாய் வெடித்த வீடுகள் இருந்தன. வீட்டுக்கு வெளியே தோட்டத்துக்குச் செல்லும் குழாயை, அடித்தளத்தில் உள்ள அடைப்பானில் மூடி, வெளிப்புறத் திறப்பைத் திறந்து நீரை வடித்துவிடுவதை நன்றி நவிலல் நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டியின் கீழுள்ள கதவுகளைக் கடுங்குளிர் இரவுகளில் திறந்து வைத்து, குழாயைச் சொட்டவிட வேண்டும். சாதாரணக் கல்லுப்பு 15 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது என்பதால், கால்சியம் குளோரைடு கலந்த பை ஒன்றைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இத்தகைய திடீர்க் குளிரைப் பற்றிய செய்திகளில் 'துருவச் சுழல்' என்ற சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. துருவச் சுழல் என்பது ஆர்க்டிக்குக்கு மேலே, 10 மைலுக்கும் மேற்பட்ட உயரத்தில், குளிர்காலம் முழுவதும் சுழன்றுகொண்டிருக்கும் காற்று வளையம். அது வலுவாக இருந்தால் குளிர் வடக்கிலேயே அடைபட்டிருக்கும். மேலடுக்கு திடீரென்று சூடாகி அது குலைந்தால், சில வாரங்கள் கழித்துக் குளிர் தெற்கே வழியக்கூடும். எந்த நாட்டில் வழியும் என்பது அப்போது தெரியாது. 2021 ஜனவரி தொடக்கத்தில் அப்படிக் குலைந்தது. பிப்ரவரி நடுவில் டெக்ஸஸ் உறைந்தது. டாலஸ்–ஃபோர்ட் வொர்த்தில் 16ஆம் தேதி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 2 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. மாநிலம் வெளியிட்ட கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள். அந்தக் குளிர் வருவது பல நாள்களுக்கு முன்பே நன்றாகக் கணிக்கப்பட்டிருந்தது. மின்சாரமும் எரிவாயுவும் அதற்கு ஆயத்தமாக இல்லை. டாலஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் அந்த வாரத் தொடக்கத்தில் எண்களை அனுப்பினேன். அவன் கேட்ட கேள்வி, வீட்டுக் குழாயை எங்கே மூடுவது என்பது. எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த வீட்டின் நீர் அடைப்பான் தெருவோரத்தில் மண்ணுக்கடியில், இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. நல்ல வெயில் நாளில் அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள் என்று தெற்கே இருக்கும் உறவினர்கள் அனைவரிடமும் இப்போது சொல்லி வருகிறேன்.

கடைசியாக, டிசம்பரில் நெவார்க் அல்லது கென்னடி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு. பெரிய புயல் ஒன்று வருமானால், விமான நிறுவனங்கள் ஓரிரு நாள்களுக்கு முன்பாகவே 'டிராவல் வெய்வர்' அறிவிக்கும். குறிப்பிட்ட நாள்களுக்குள் பயணத்தைக் கட்டணமின்றி முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம் என்று பொருள். அறிவிப்பு வந்த அன்றே முந்தைய நாளின் இருக்கையைக் கேட்டுவிடுங்கள். புயல் நாளன்று விமானம் ரத்தான பிறகு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்க ஒரு வாரம்கூட ஆகலாம். முகவர் மூலம் வாங்கிய பயணச்சீட்டாக இருந்தால் பெரும்பாலும் அவரிடமே பேச வேண்டியிருக்கும், ஆகையால் அவரது இரவு நேரத் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் காரின் கூரையில் உள்ள பனியையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டும்; பின்னால் வருபவரின் கண்ணாடியில் அது பாளமாகப் பறந்து விழும் என்பதால், தள்ளாமல் ஓட்டுபவர்களுக்கு நியூ ஜெர்சிச் சட்டப்படி 25 முதல் 75 டாலர் வரை அபராதம் உண்டு.